பேச்சுச் சிகிச்சையை எதை வைத்து அளக்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களில் பேச்சுச் சிகிச்சையால் பெரிய பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டுவதாக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். என் அண்ணனுக்குப் பல வருஷமாகக் காதில் குரல் கேட்கிறது, மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டவர், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை.

சோதிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கறாராகச் சோதிக்கத்தான் வேண்டும். மருந்து என்றால் டம்மி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். பேச்சில் அது முடியாது, பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மிச்சம் இருப்பது கடைசியில் வந்து மதிப்பெண் போடுகிறவர் ஒருவர்தான், அவருக்காவது தெரியாமல் இருக்க வேண்டும். ஆனால் நோயாளி வந்து உட்கார்ந்ததும், "இதையெல்லாம் போன வாரமே அந்த மேடத்திடம் சொல்லிவிட்டேனே" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அவர் பேச்சுச் சிகிச்சை எடுத்த குழு என்று மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரிந்துவிடும். இது சின்ன விஷயம் இல்லை. எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசிப் பேசி மாற்றப் பார்க்கும் சிபிடி என்ற சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வந்த கட்டுரையில், மொத்த அறிகுறிகளில் பலனின் அளவு (பூஜ்யம் என்றால் பலனே இல்லை) 0.33 என்று வந்தது, மதிப்பிடுபவருக்குக் குழு தெரியாமல் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது 0.15 ஆகக் குறைந்தது. உங்கள் கட்டுரையாளர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள் என்பதை அவர் எழுதவே இல்லை. 2000இல் பிரிட்டனில் 90 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு சிபிடி, மீதிப் பேரோடு நோயைப் பற்றி எடுக்காமல் நட்பாகப் பேச்சுத்துணை. ஒன்பது மாதச் சிகிச்சை முடிந்தபோது இரண்டு குழுவுமே தேறியிருந்தன. அதற்கும் ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் சிபிடி எடுத்தவர்களிடம்தான் முன்னேற்றம் நிலைத்திருந்தது. 2018இல் வந்த ஃபோகஸ் ஆய்வு நேர் எதிர். மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் குளோசபின் மாத்திரைக்கும் சரியாகக் கட்டுப்படாத, அல்லது அதைத் தாங்க முடியாத 487 பேர், அவர்களில் ஒரு பாதிக்கு சிபிடி, ஒன்பதாவது மாதத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது, இருபத்தொன்றாவது மாதத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டையும் ஒரே வரியில் "பலன் உண்டு", "பலன் இல்லை" என்று அடைத்தால் படிக்கிறவர்களுக்கு என்ன புரியும்?

எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் எதை அளக்கிறார்கள் என்பதில்தான். பெரும்பாலும் நோயின் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் பான்ஸ் என்ற அளவுகோல், மொத்தம் 30 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண். மருந்து ஆய்வுகளிலும் இதே எண்தான். அண்ணனுக்குக் கேட்கும் குரல், தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது, குடிக்காதே என்று சொல்லும். முன்பெல்லாம் நாக்கு வறண்டு கிடந்தாலும் டம்ளரைத் தொடமாட்டார். இப்போதும் அந்தக் குரல் அதையேதான் சொல்கிறது, அவர் ஒரு நிமிஷம் டம்ளரைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லிக்கொண்டே இரு" என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்துவிடுகிறார். எங்கள் வீட்டில் வாழ்க்கையே மாறிப்போன விஷயம் இது, முப்பது அம்சத்தின் கூட்டலில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணாகக் கரைந்துபோகும். அண்ணன் ஒருவரை வைத்து சிகிச்சை பலிக்கிறது என்று நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அப்புறம் ஆய்வு எதற்கு. ஆனால் ஆய்வு அளக்க வேண்டியது இதைத்தான் என்கிறேன். அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். 2021இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், தனக்கு யாரோ கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்ற விடாத பயத்தோடு இருந்த 130 பேரை எடுத்து, அந்த நம்பிக்கை எவ்வளவு தளர்கிறது என்பதையே முக்கிய அளவாக வைத்தார்கள். அதற்கென்றே வடிவமைத்த சிகிச்சை பேச்சுத்துணையைவிட நன்றாக வேலை செய்தது, எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் பயத்திலிருந்து மீண்டார்கள்.

இன்னொன்று, பக்கவிளைவு. மருந்து ஆய்வில் வாந்தி, நடுக்கம், எடை கூடியது எல்லாம் எழுதுகிறார்கள். பேச்சுச் சிகிச்சை ஆய்வுகளில் பலவற்றில் அதைக் கேட்பதே இல்லை, பழைய ரணத்தைக் கிளறியதில் ராத்திரி தூங்காமல் தவித்தவர்களும், பாதியிலேயே நின்றுபோனவர்களும் ஏன் அப்படி ஆனார்கள் என்பது கணக்கில் வர வேண்டாமா?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாத்திரையோடு சேர்த்து நடந்தவை என்பதையும் தயவுசெய்து போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள், டாக்டர்களின் கருத்து மட்டும் வந்தால் பாதிதான் வந்த மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி