தோள்வலிக்கு முதலில் ஒரு பந்து

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் நேற்று வந்தது. தீபாவளித் துணி அத்தனையும் தைத்துக் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் ராத்திரியில் வலது தோளின் முன்பக்கம் குடைகிறது, தூக்கமே இல்லை என்கிறாயே, அதுதான் மனதை அரிக்கிறது.

மருமகன் மசாஜ் கன் (தசையைப் படபடவென்று தட்டும் கை மெஷின்) வாங்கித் தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அது வருவதற்குள் பேரனின் டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்துக்கொள். அண்ணன் மகள் பிசியோதெரபி படிக்கிறாள் அல்லவா, அவள் எனக்குக் காட்டியது இது. பந்தைப் பழைய சாக்ஸில் போட்டு, சாக்ஸின் நுனியைத் தோளுக்கு மேலாக முன்னால் பிடித்துக்கொள், பந்து நழுவாது. சுவரோடு சாய்ந்து நில். வலி முன்னால் இருந்தாலும் பந்தை வைக்க வேண்டியது முதுகுப்பக்கம், தோள்பட்டைத் தட்டை எலும்பின் மேல். அங்கே இருக்கும் தசை இறுகினால் வலி தோளின் முன்பக்கத்திலும் கையிலும் தெரியுமாம். முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்தால் பந்து தானாக உருளும். ஓரிடத்தில் "இதுதான், இதுதான்" என்று உனக்கே தெரியும். அங்கேயே அரை நிமிஷம் நின்று மூச்சை விடு. பல்லைக் கடிக்கிற அளவுக்கு அழுத்தாதே. வலிக்குப் பயந்து தசை இன்னும் இறுகிக்கொள்ளும்.

தசையில் ஓரிடத்தில் இறுகிய முடிச்சு வேறோர் இடத்தில் வலிக்கும் என்பதைப் படம் போட்டுக் காட்டியவர் ஜேனட் ட்ராவெல் என்ற அம்மா. 1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகையில் இருந்தவர். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. எனக்கு அந்த இடத்தை அழுத்தினால் தோள் இளகுகிறது, அவ்வளவு போதும்.

மசாஜ் கன்னில் எனக்குள்ள பயம் அதன் வேகம். வேகத்தைக் கூட்டினால் நிமிஷத்துக்கு 2,000 தட்டுக்கு மேலும் விழும். தொடை, கெண்டைக்கால் மாதிரி சதை திரண்ட இடத்தில் சின்ன வேகத்தில் ஒன்றிரண்டு நிமிஷம் வைக்கலாம். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் கூடவே கூடாது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அங்கே ஓடுகிறது. எலும்பின் மேலும் நரம்பு சுருண்ட காலிலும் வேண்டாம். அம்மா காலுக்கும் அதை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்காதே மல்லிகா. சர்க்கரையால் பாதம் மரத்திருப்பவருக்கு அழுத்தம் அதிகமானாலும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். நீ கையால் இதமாகத் தடவிவிடு, அவருக்கு அதுவே பிடிக்கும்.

உன் கை மேலே போகாமல் சிக்கினாலோ, விரல் மரத்தாலோ, பந்தையும் ஓரமாகப் போட்டுவிட்டு டாக்டரிடம் போ. தள்ளிப்போடாதே.

இன்னொன்று. பந்தோ மெஷினோ தரும் சுகம் கொஞ்ச நேரம்தான். மறுபடி குனிந்து உட்கார்ந்து நாலு பிளவுஸ் தைத்தால் வலி திரும்பிவிடும். தையல் மிஷின் மேஜை உயரத்தையும் நீ உட்காரும் ஸ்டூல் உயரத்தையும் இஞ்ச் டேப்பால் அளந்து எழுது. ஸ்டூல் தாழ்வோ என்று எனக்குச் சந்தேகம். இங்கே நம் பழைய ஆசாரியிடம் சொன்னால் புதிதாகச் செய்து தருவார், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கோமதி