ஒப்புக்கொண்ட பட்டியலுக்கு மாறான உதிரிபாகங்களைப் பொருத்தித் தந்தது குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கணினி விற்பனை மற்றும் சேவை நிறுவனம்,
மதுரை.

நாள்: 03.06.2024

பொருள்: கேமிங் கணினியில் கொட்டேஷனில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), ரேம் ஆகியவற்றைப் பொருத்தியது – மாற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அழகர் ஆற்றில் இறங்கிய அடுத்த வாரம், 29.04.2024 அன்று, தங்கள் கடைக்கு நேரில் வந்து, என் தம்பிக்கு ஒரு கேமிங் கணினி பொருத்தித் தருமாறு கேட்டு ரூ.64,000க்குக் கொட்டேஷன் பெற்றேன். அன்றே ரூ.20,000 முன்பணமாகக் கட்டினேன், மீதி ரூ.44,000ஐ, கணினியைப் பெற்றுக்கொண்ட 20.05.2024 அன்று செலுத்தினேன். கொட்டேஷனில் எழுதியிருந்த ஏழு பொருள்களில் மூன்று, வீட்டுக்கு வந்த கணினிக்குள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் தரம் குறைந்த வேறு பொருள்கள் இருக்கின்றன. இந்த மாற்றத்தைத் தங்கள் தரப்பில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். தங்களிடம் கொடுத்த பணம், பதினான்கு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த தொகையும், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி விடுமுறை நாள்களில் வேலைக்குப் போய்ச் சேர்த்ததும் ஆகும். இந்தத் தொகைக்குள் என்ன வாங்கலாம் என்று நாங்கள் இருவரும் மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புதிய ஏஎம்5 வகை மதர்போர்டுக்குப் போனால் புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்பதால், முந்தைய ஏஎம்4 வகையே போதும் என்று முடிவு செய்தோம். அதிலும் ரைசன் 5 5500 பிராசசர் விலை குறைவாகக் கிடைத்தது. ஆனால் அதில் எல்3 கேஷ் எனப்படும் உள் நினைவகம் 16 எம்பிதான், ரைசன் 5 5600இல் 32 எம்பி இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டை வேகமாக இணைக்கும் பிசிஐஇ 4.0 வசதியும் அதில்தான் உண்டு என்பதால் 5600ஐ எடுத்தோம். அதற்கு ஆன கூடுதல் செலவை ஈடுகட்ட வண்ண விளக்குகளை விட்டோம், கண்ணாடிக் கேபினெட்டை விட்டோம், தனிக் கூலர் வாங்காமல் பிராசசருடன் பெட்டியில் வரும் மின்விசிறியே போதும் என்றோம், வீட்டில் கிடந்த பழைய மானிட்டரையே வைத்துக்கொண்டோம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் எங்கள் அறை கத்திரி வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது தெரிந்ததால், முன்பக்கம் முழுதும் வலை அடித்த கேபினெட்டைத் தேடி எழுதினோம். ஓர் இடத்தில் மிச்சம் பிடித்த ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் இன்னோர் இடத்தில் காரணத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டியலைத் தங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவர் வரி வரியாகப் படித்துப் பார்த்து, "நல்லா விசாரிச்சுத்தான் எழுதியிருக்கீங்க தம்பி" என்று பாராட்டி, கடையின் முத்திரையைக் குத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சொல்கிறேன். கொட்டேஷனில் "ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி – ரூ.25,500" என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. பில்லிலோ "ஆர்டிஎக்ஸ் 3060 – 1" என்று மட்டும் இருக்கிறது. கார்டின் பெட்டியைக் கேட்டபோது, அது கிடங்கில் இருக்கிறது, பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டில், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது நினைவகம் 8 ஜிபி என்றும், பஸ் (நினைவகத்துக்கான தரவுப் பாதை) அகலம் 128 பிட் என்றும் காட்டியது. 2021 தொடக்கத்தில் இந்தக் கார்டு 12 ஜிபி நினைவகத்தோடும் 192 பிட் பஸ்ஸோடும் வெளிவந்தது. 2022 இறுதியில் அதே பெயரிலேயே 8 ஜிபி கார்டு ஒன்றையும் என்விடியா நிறுவனம் சந்தைக்கு விட்டது. இரண்டிலும் கோர் (கணக்கிடும் அலகு) எண்ணிக்கை 3584தான் என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னது உண்மையே. ஆனால் நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே ஒரு வினாடியில் போய்வரும் தரவு 12 ஜிபி கார்டில் 360 ஜிபி. எனக்கு வந்த கார்டில் 240 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. என் தம்பி விளையாடுவதோடு பிளெண்டர் என்ற மென்பொருளில் அனிமேஷனும் பழகுகிறான்; அவன் அமைக்கும் காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே, இதைவிட வேகமான வேறு 8 ஜிபி கார்டுகள் கண்ணில் பட்டும் அவற்றை ஒதுக்கிவிட்டு 12 ஜிபி என்று எழுதினோம். ஒரே பெயரில் இரண்டு பொருள் சந்தையில் இருக்கும்போது எது எது என்று வாங்குபவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் கடை. பில்லில் அந்த "12 ஜிபி" மட்டும் விடுபட்டுப்போனதைக் கைத்தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். என்னை உண்மையில் பயமுறுத்தியது இதுதான். பட்டியலில் 550 வாட்டு, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்றது, ஐந்து ஆண்டு வாரன்டி உள்ளது என்று எழுதி ரூ.4,000 விலை போட்டிருந்தீர்கள். கணினி வந்த மூன்றாம் நாள், 22.05.2024 இரவு, தம்பி விளையாடத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, கணினி சட்டென்று அணைந்தது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறை அணைந்தபோது லேசாகப் பிளாஸ்டிக் காய்ந்த வாடை வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தம்பி செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க, நான் நான்கு திருகுகளையும் கழற்றி மூடியை எடுத்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் போகும் 8 முனை இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்குகளுக்குப் போடும் மோலெக்ஸ் முனைகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்து 8 முனையாக மாற்றும் ஒரு சிறிய ஒயரைச் சொருகி இருந்தார்கள். அந்த ஒயரைத் தொட்டபோது விரல் சுட்டது. ஒரு மோலெக்ஸ் முனையில் மஞ்சள் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. 8 முனை இணைப்பு என்பது 150 வாட்டு வரை கொண்டு செல்வதற்கென்று வகுக்கப்பட்டது. அந்த வேலையை இப்படி ஒட்டுப்போட்ட ஒயரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளையும் படித்தேன். நான் கேள்விப்பட்டிராத பெயர். 80 பிளஸ் முத்திரை கிடையாது. பெரிய எழுத்தில் 500 வாட்டு என்று போட்டிருந்தாலும், கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 24 ஆம்பியர் என்றுதான் இருந்தது. 12ஐ 24ஆல் பெருக்கினால் 288 வாட்டு. கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் நம்பி ஓடுகின்றன. கார்டு மட்டுமே 170 வாட்டு; பிராசசர் 65 வாட்டு வகை, முழு வேகத்தில் அதற்கு மேலும் எடுக்கும்; விசிறிகளும் மற்றவையும் அதற்குப் பிறகு. காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் ஏதோ சமாளித்துவிடும் போலத் தோன்றும். ஆனால் விளையாட்டின் நடுவே கார்டு ஒரு கணத்துக்கு இழுக்கும் மின்சாரம் அந்த 170ஐயும் தாண்டிப் போகும் என்பதால்தான், பட்டியல் போடும் எவரும் எஸ்எம்பிஎஸ்ஸில் தாராளமாக இடம் விட்டு எழுதுகிறார்கள். நாங்கள் எழுதியிருந்த எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியது. அறுபதாயிரம் ரூபாய்ப் பொருள் அனைத்துக்கும் மின்சாரம் ஊட்டும் ஒரு பொருளில் கைவைத்தது சரியா என்று தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரேம் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 8 ஜிபி ரேம் இரண்டு கேட்டிருந்தோம். 16 ஜிபி ரேம் ஒன்று வந்திருக்கிறது. மொத்தம் 16தானே என்பது தங்கள் பதில். ரேமுக்கான இரண்டு தரவுப் பாதைகளிலும் (சேனல்) ஒவ்வொன்று இருந்தால் டிடிஆர்4 3200 வேகத்தில் வினாடிக்கு 51.2 ஜிபி வரை தரவு போகும். ஒன்றே ஒன்று இருந்தால் அது 25.6 ஆகிவிடுகிறது. இரண்டு மாடு பூட்ட வேண்டிய வண்டியில் ஒற்றை மாட்டைப் பூட்டி அனுப்பியது போன்றது இது. அந்த ஒன்றும் 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பியைப் போட்டு 3200க்கு நானே மாற்றிக்கொண்டேன் என்பதால் அதைப் புகாராகச் சேர்க்கவில்லை.

மற்ற நான்கு பொருள்களில், அதாவது பிராசசர், மதர்போர்டு, எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் பாகம்), கேபினெட் ஆகியவற்றில், எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கணினியைப் பொருத்திய தங்கள் ஊழியர் ஒயர்களை எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தார் என்பதையும் பார்த்தேன். அவர் கையில் எதைக் கொடுத்தார்களோ அதை அவர் பொருத்தியிருக்கிறார். அவர் மீது எனக்குக் குறை கிடையாது.

23.05.2024 அன்று தொலைபேசியில் பேசியபோது, ஸ்டாக் இல்லாததால் நிகரான பொருளைப் போட்டோம் என்றார்கள். ஸ்டாக் இல்லை என்றால் ஒரு போன் செய்திருக்கலாம். காத்திருக்கிறேன் என்றோ, முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றோ சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. நிகரான பொருள் என்றால் விலையும் நிகராக இருக்க வேண்டும் அல்லவா? மதுரையிலேயே வேறு இரண்டு கடைகளில் விசாரித்தேன். கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மட்டும், நான் கொடுத்த பணத்துக்கும் என்னிடம் வந்த பொருளுக்கும் இடையே ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. 25.05.2024 அன்று கேபினெட்டை மடியில் தலையணை வைத்துத் தாங்கிக்கொண்டு பேருந்தில் பெரியார் நிலையம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தங்கள் கடைக்குக் கொண்டுவந்தேன். அப்போது, உங்கள் ஊரில் கரண்ட் சரியில்லை, அதனால்தான் அணைகிறது என்றார்கள். எங்கள் கணினி யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. அது அணைந்த மூன்று முறையும் அதே அறையில் டியூப் லைட் ஒருமுறைகூட மினுக்கவில்லை. அதே யுபிஎஸ்ஸில் அதற்கு முன் எங்கள் பழைய கணினி ஒரு நாள்கூட இப்படி அணைந்ததில்லை. கடைசியாக, "கேம் விளையாடத்தானே வாங்குனீங்க, இதுக்குப் போய் இவ்வளவு பேசணுமா" என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு, கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஐயா, அந்த ஒரு பேச்சுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. எதற்காக வாங்கினோம் என்பது எங்கள் விருப்பம். இரண்டு வருடமாக நண்பர்கள் வீட்டில் நின்று வேடிக்கை பார்த்த பையன், தன் வீட்டில் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. கையில் நிறையப் பணம் வைத்திருப்பவர் தவறான பொருள் வந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். எங்களைப் போல் அளந்து வாங்குகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் எல்லாம். எந்த ரூபாய் எந்தப் பொருளுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது பணம் கொடுத்தவனின் வேலை. எங்களைக் கேட்காமல் அதைத் தாங்கள் செய்துவிட்டீர்கள்.

ஆகவே, கொட்டேஷனில் உள்ளபடி 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டையும், 550 வாட்டு 80 பிளஸ் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையும், 8 ஜிபி ரேம் இரண்டையும் பொருத்தித் தருமாறும், ஒவ்வொரு பொருளின் முழுப் பெயர், சீரியல் எண், வாரன்டி காலம், 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை தெளிவாகக் குறிப்பிடப்பட்ட புதிய பில்லையும் பெட்டிகளையும் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொருள்கள் கிடைக்கவில்லை என்றால் கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரூ.64,000ஐத் திருப்பித் தர வேண்டும். பொருத்துவதற்குத் தங்கள் ஆளைத் திருமங்கலத்துக்கே அனுப்பி வைக்குமாறும் வேண்டுகிறேன். மீண்டும் ஒருமுறை அதைப் பேருந்தில் தூக்கி வர என்னால் இயலாது.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. கணினி என் கைக்கு வந்து இன்றோடு பதினான்கு நாள்தான் ஆகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்த நிலை வராது என்றே நம்புகிறேன். நாங்கள் தங்கள் கடையைத் தேடி வந்ததே அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் கேட்டுத்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். ரைசன் 5 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. தம்பி தன் பாடத்துக்குரிய வேலைகளை மட்டும், விளையாட்டு எதையும் திறக்காமல், இப்போது அந்தக் கணினியில் செய்துவருகிறான். ஆகையால் 12 ஜிபி கார்டு வந்து பொருத்தப்பட்ட பிறகுதான் பழைய கார்டைத் திருப்பித் தர முடியும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் முதலில் மாற்றித் தருவதாக இருந்தால் நாளைக்கே ஆளை அனுப்பலாம். மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன்.

இணைப்பு: முத்திரையிட்ட கொட்டேஷனின் நகல், பில்லின் நகல், எஸ்எம்பிஎஸ் லேபிள் மற்றும் பழுப்பேறிய மோலெக்ஸ் முனையின் புகைப்படங்கள், ஜிபியு-இசட் மென்பொருள் காட்டிய திரையின் படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
திருமங்கலம்.