எல்லாரும் டாக்டர் லாகின்லதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் எனக்கு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தாங்க, ரிசல்ட் என் கைக்கு வர்றதுக்குள்ளயே சொந்தக்காரர் ஒருத்தர் போன் பண்ணி "என்னம்மா இப்படி ஆயிடுச்சாமே"ன்னு துக்கம் விசாரிக்கறார், யார் சொன்னாங்கன்னு கேட்டா மழுப்பறார். நேரா கிளினிக்குக்கே போய் என் ஃபைல யார் யார் பாத்தாங்கன்னு கேட்டேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, பாவம், ஒளிக்காம சொல்லிடுச்சு: "எல்லாரும் டாக்டர் லாகின்லதாங்க போறோம், யார் தொறந்தாலும் அவர் பேர்தான் காட்டும்." அந்த பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்ச பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கு, நான் நின்ன இடத்துல இருந்தே படிக்க முடிஞ்சுது.

பேஷன்ட் ரெக்கார்டு பாதுகாப்புன்னாலே எல்லாரும் ஹேக்கர பத்திதான் பேசறாங்க. 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் வந்து இங்கிலாந்துல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரெல்லாம் முடங்கி ஆயிரக்கணக்குல அப்பாயின்ட்மென்ட் கேன்சல் ஆச்சே, அது பெரிய விஷயம்தான், அதுக்கான அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே குடுத்திருந்தும் நெறைய இடத்துல போடாம விட்டுட்டாங்க. ஆனா என் ரிசல்ட் வெளிய போக எந்த ஹேக்கரும் தேவப்படல.

பின்லாந்துல ஒரு நர்ஸ் கேஸ் இருக்கு. அவங்களுக்கு எச்ஐவி, சிகிச்சையும் வேலையும் ஒரே ஆஸ்பத்திரியில. கூட வேல பாக்கறவங்க தன் ரெக்கார்ட பாத்துட்டாங்கன்னு சந்தேகப்பட்டு கேட்டா, சிஸ்டத்துல கடைசி அஞ்சு தடவ எந்த பிரிவுல இருந்து பாத்தாங்கங்கறது மட்டும்தான் நிக்குமாம், ஆள் பேரே கிடையாது. நிரூபிக்க முடியலன்னு அங்க உள்ள கோர்ட்டெல்லாம் கைவிரிச்சிடுச்சு, கடைசில 2008ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்தான் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. யார் பாத்தாங்கன்னு காட்ட முடியாத மாதிரி ரெக்கார்ட வெச்சிருந்ததே தப்புன்னாங்க. நான் கேக்கறதும் அவ்ளோதான்.

ஆளாளுக்கு தனி லாகின் குடுங்க. யார், எப்ப, எந்த ஃபைல தொறந்தாங்கன்னு பதிவாகட்டும், பேஷன்ட் கேட்டா அத காட்டுங்க. வேலைய விட்டு போனவங்க லாகின அன்னிக்கே மூடுங்க. ரிப்போர்ட்ட ஸ்டாஃப் தன் சொந்த போன்ல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பறதும் நிக்கணும், அது அந்த போன் கேலரில எத்தன வருஷம் கெடக்கும்னு யாருக்கு தெரியும்?

இவ்ளோ கூட்டத்துல ஒவ்வொரு தடவயும் பாஸ்வேர்டு அடிச்சிட்டு இருக்க முடியுமான்னு கேப்பாங்க, நியாயம்தான், ஆனா கைரேகையோ கார்டோ வெச்சா ஒரு செகண்ட் வேல. எமர்ஜென்சில யாரும் தடுக்க வேணாம், யார் ஃபைல வேணா தொறக்கட்டும், எதுக்கு தொறந்தேன்னு ஒரு வரி எழுதிட்டு தொறக்கட்டும், அத மறுநாள் ஒருத்தர் செக் பண்ணட்டும். ஏடிஎம் கார்டு நம்பர் வெளிய போனா வேற கார்டு வாங்கிக்கலாம். எனக்கு என்ன வியாதின்னு வெளிய போனது போனதுதான்.

அடுத்த வாரம் ரிவ்யூக்கு அதே கிளினிக்குக்குத்தான் போகணும், டாக்டர் நல்லவர், மாத்த மனசில்ல. ஆனா இந்த தடவ அவர் கேக்கறதுக்கெல்லாம் முழுசா பதில் சொல்வேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி