அந்த அரசியின் பெயரைச் சரியாக எழுதுங்கள்: தமிழில் உலக வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று நூலாசிரியர்களே, மொழிபெயர்ப்பாளர்களே, பதிப்பாசிரியர்களே, வணக்கம்.

கி.பி. 60-61இல் பிரிட்டனில் ரோமானியருக்கு எதிராக எழுந்த ஐசீனி என்ற இனக்குழுவின் அரசி பௌடீக்காவைப் பற்றி எழுதும்போது, அவரைப் ‘போவடிசியா’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அது அவருடைய பெயரே அல்ல, ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலைப் படியெடுத்தபோது, Boudicca என்பதில் ‘யு’ (u) என்ற எழுத்து ‘ஏ’ (a) ஆனது. இரண்டு ‘சி’யில் (c) ஒன்று ‘இ’ (e) ஆனது. இப்படித்தான் Boadicea பிறந்தது. புள்ளியில்லா ஓலைச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய நமக்கு இது புதிதல்ல. 1782இல் ஆங்கிலக் கவிஞர் கூப்பரின் கவிதை அந்தப் பிழையை ஊரறியச் செய்தது.

ரோமானியரிடம் கசையடி பட்டு, மகள்கள் சீரழிக்கப்பட்டதைக் கண்டு, கோல்செஸ்டரையும் லண்டனையும் எரித்தவர் அவர். அவர் பெயரை எழுதி வைத்ததோ எதிரித் தரப்பு மட்டுமே. டாசிட்டஸ் லத்தீனில் எழுதினார். பிற்கால ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கிரேக்கத்தில் ‘பூடூயீக்கா’ என்றார். அந்த மக்களின் சொல்லைத் தேட வேண்டுமானால் அவர்கள் பேசிய கெல்டிக் மொழியின் உறவுமொழிகளிடம்தான் போக வேண்டும். பழைய ஐரிஷில் ‘பூஅய்த்’ என்றால் வெற்றி. வெல்ஷ் மொழியில் இன்றும் பெண்களுக்கு ‘பிதிக்’ என்று பெயர் வைக்கிறார்கள். இவற்றை வைத்தே மொழியறிஞர் கென்னத் ஜாக்சன், ஒரே ‘சி’யுடன், நடு அசை நீண்டு ஒலித்த ‘பௌடீக்கா’ என்று முடிவு செய்தார். வெற்றிக்குரியவள் என்பது பொருள்.

எனக்கு மிகப் பிடித்த சான்று பிரான்சின் போர்தோ நகரில் கிடைத்த பலிபீடக் கல். பிரிட்டனின் யார்க், லிங்கன் நகரங்களில் பொறுப்பு வகித்த லூனாரிஸ் என்பவர், யார்க்கிலிருந்து புறப்பட்டபோது நேர்ந்துகொண்டபடி கி.பி. 237இல் ‘பௌடிக்’ என்ற காவல் தெய்வத்துக்கு அதை நிறுவினார். அரசி இறந்து சுமார் நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல் உயிரோடு இருந்திருக்கிறது!

லண்டனில் 1902இல் நிறுவிய சிலையிலேயே ‘போவடிசியா’வுக்கு அருகில் ‘பௌடிக்கா’வையும் அடைப்புக்குறிக்குள் பொறித்திருக்கிறார்கள். நாம் ஏன் பிழையை மட்டும் சுமக்க வேண்டும்?

‘சி’ ஒன்றா இரண்டா என்பது ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய கேள்வி. தமிழில் ‘க்கா’ என்று இரட்டிக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ‘கா’ மெலிந்து ஒலிக்கும். என் பரிந்துரை ‘பௌடீக்கா’. இன்றைய ஆங்கில வழக்கைப் பின்பற்றிப் ‘பூடிக்கா’ என்று எழுதினாலும் ஏற்கலாம். எதைத் தேர்ந்தாலும் நூல் முழுக்க ஒன்றையே எழுதுங்கள். பழைய வடிவத்தைப் பெயரகராதியில் மட்டும் ஒருமுறை சுட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்