முகாம் பிள்ளைகளும் மலை நீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கங்களிலிருந்து சாரணர் அணிகளும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், தேவாலய இளைஞர் குழுக்களும் வேன் வேனாகக் கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடருக்கு ஏறி வருகிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் காலை உடற்பயிற்சி முதல் இரவு முகாம் தீ வரை மணி போட்டு எழுதியிருக்கும். நடுவில் ஒரு நாள் மதியத்துக்கு நேரே ‘அருவியில் குளியல்’ என்று மட்டும் இருக்கும். எவ்வளவு ஆழம், எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும், கரையில் நிற்பவர் யார் என்பவற்றுக்கு அந்த நிரலில் இடமே இருக்காது. கீழ்மலைப் பகுதியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிப் பல முகாம்களை நடத்தியவன் என்ற முறையில் இதைக் குறித்து எழுதுகிறேன்.

சமவெளிப் பிள்ளைகளில் பலர், முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிணற்று நீர் ஓடாது, அவ்வளவாகக் குளிராது, நாலு கை வீசினால் சுவரைப் பிடித்துவிடலாம். கொடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த நீரில் ஒருவர் திடீரென்று குதித்தால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடல் ‘ஹக்’கென்று மூச்சை உள்ளே இழுக்கும், அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதிலாக நீர் உள்ளே போகும். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது என்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த நேரத்தில் தடுமாறுவார். மலையில் பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. நீச்சல் பழகக் கிணறோ குளமோ வாய்க்காமலே வளர்ந்தவர்கள் அவர்களில் அதிகம். இந்த இரு தரப்பினரையும் ஒரே ஆழமான நீர்த்தேக்கத்தில் ஒன்றாக இறக்கிவிடுவதுதான் இன்று நடக்கிறது.

இதை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு சுமார் 40 மாணவர்களை ஓர் அருவியின் கீழுள்ள தேக்கத்துக்கு அழைத்துச் சென்றேன். இடுப்பளவு ஆழம்தான் என்று ஊரார் சொன்னதை நம்பினேன். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த ஒரு மாணவன் தரை எட்டாமல் கழுத்தளவுக்குப் போய்விட்டான். அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, இரண்டு கைகளாலும் நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு கை தூரத்தில் நின்ற நண்பர்கள் அவன் விளையாடுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், மலைவாழைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நீட்டினார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். மூழ்குகிறவர் பெரும்பாலும் ஓசையின்றித்தான் மூழ்குவார், மூச்சு விடவே நேரம் போதாதவரால் கூப்பிட முடியாது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் தன் குழுக்களுக்கு வகுத்துள்ள நீச்சல் பாதுகாப்பு விதிகள் எனக்கு மிகவும் உதவின. அங்கே குழுவினர் நீரில் இறங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் சோதித்து, நீந்தத் தெரியாதவர், கற்றுக்கொண்டிருப்பவர், நீந்துபவர் என்று பிரித்துவிடுகிறார்கள். தெரியாதவருக்கு மூன்றரை அடிக்கு மேல் ஆழம் கூடாது. ‘நீந்துபவர்’ என்று பெயர் வாங்க, தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து, 100 கெஜம் நீந்தி, முடிவில் அசையாமல் மிதந்தும் காட்ட வேண்டும். எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதியதும் ஜோடிகள் கைகோத்து உயர்த்த, கரையிலிருந்து எண்ணுவார்கள். பத்துப் பேருக்கு ஒரு காவலர், அவர்களுக்கு மேல் அனைத்தையும் கண்காணிக்க ஒருவர் உண்டு. அந்தச் சம்பவத்துக்குப் பின் நடத்திய முகாம்களில் இந்த ஜோடி முறையை நான் விட்டதில்லை. தனியாக ஒரு கை உயர்ந்தாலே போதும், எல்லாரையும் கரையேற்றிவிடுவேன். பிள்ளைகள் முதல் நாள் முணுமுணுப்பார்கள். இரண்டாம் நாள் தங்கள் ஜோடியைத் தாங்களே தேடிக்கொள்வார்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் உள்ள கும்பக்கரை அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். அங்கே வனத்துறை குளிக்கத் தடை விதித்தால், குழுத் தலைவர்கள் அவர்களிடம் மன்றாடாமல் வண்டியைத் திருப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடை, அருவி எதிலும் முகாம் பிள்ளைகளை இறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாறைப் பக்கம் புல்லாவெளி அருவி போன்ற இடங்களில் பாசி படிந்த பாறையில் காலை வைப்பதே ஆபத்து. நீச்சல்தான் நிகழ்ச்சியின் நோக்கம் என்றால், மலை ஏறுவதற்கு முன்னரே மதுரை டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கத்தில் இருப்பது போன்ற நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் அரை நாள் செலவிடலாம். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மலைப் பாதையில் 108 ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். ஆகவே செயற்கைச் சுவாசம் கொடுக்கவும் மார்பை அழுத்தி முதலுதவி செய்யவும் பழகிய இருவராவது குழுவில் இருக்க வேண்டும். மூழ்கி எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் இன்னமும் நடக்கின்றன. மூச்சு கொடுக்க வேண்டிய நேரம் அதில் வீணாகிறது.

உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஜூலை 25ஆம் தேதியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் அறிவித்தது. அந்த நாளை ஒட்டியாவது திண்டுக்கல், தேனி மாவட்ட நிர்வாகங்கள், முகாம்களுக்கு மாணவர்களை அனுப்பும் நிறுவனங்களிடம் ஓர் உறுதிமொழிப் படிவம் கேட்க வேண்டும். நீரில் இறங்கும் திட்டம் உண்டா, உண்டெனில் பொறுப்பாளர் யார், முதலுதவி தெரிந்தவர் யார், பெற்றோர் அறிந்து ஒப்புதல் தந்தார்களா என்பவை அதில் இருந்தால் போதும். ஊராட்சிகள் தங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு குளிக்கும் இடத்திலும் நீண்ட மூங்கில் கழி ஒன்றையும், கயிறு கட்டிய பழைய டியூப் ஒன்றையும் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்.