மச்சானுக்கு, பினாங்குல இருந்து

மச்சான்,

அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம்தான் நிம்மதி, இன்னும் கொஞ்ச நாளைக்கு அவங்கள அடுப்பு பக்கம் விடாத. இங்க எல்லாரும் சுகம்.

உன் மவன் படிவம் நாலுல கெமிஸ்ட்ரி எடுத்துட்டு தனிம அட்டவணைய மனப்பாடம் பண்ண முடியலன்னு அழுவுறான்னு எழுதியிருந்தல்ல, எனக்கு மனசே ஆறல. முழுசா எதுக்குடா மனப்பாடம் பண்ணணும்? 14-ஆவது குரூப்ப, அதாவது அட்டவணையில 14-ஆவது நெடுவரிசைய மட்டும் மேலருந்து கீழ பாக்க சொல்லு. கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். எல்லாத்துக்கும் அணுவோட வெளிக்கூட்டுல 4 எலக்ட்ரான், அதனாலதான் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா நிக்குது. இதுல சிலிக்கான் நான் பாயான் லெப்பாஸ் சிப் பேக்டரியில தினம் பாக்குற சரக்கு, வெள்ளீயம் உங்க கோலாலம்பூர் உருவானதுக்கே காரணம், சுங்கை பீசி பக்கம் இருக்கிற பெரிய ஏரி வெள்ளீயம் தோண்டுன குழிதானே, இங்க சிப்ப போர்டுல ஒட்டுற சால்டர்லயும் பெரும்பங்கு அதான்.

ரெண்டுக்கும் நடுவுல ஜெர்மானியம் இருக்கு பாரு, அந்த கதைய அவனுக்கு கண்டிப்பா சொல்லு. 1869-ல ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் இந்த அட்டவணைய போட்டப்ப அப்படி ஒரு தனிமத்த உலகத்துல யாருமே பாத்ததில்ல, அவரு அந்த எடத்த காலியா விட்டாரு, 1871-ல சுத்தி இருக்கிறதுங்க குணத்த வச்சு கணக்கு போட்டு அணு எடை 72, அடர்த்தி 5.5 இருக்கும்னு எழுதியே வச்சுட்டாரு. 1886-ல ஜெர்மனியில விங்க்லர்ங்கிற விஞ்ஞானி ஒரு வெள்ளித் தாதுல அத கண்டுபிடிச்சாரு, அளந்து பாத்தா எடை 72-க்கு கொஞ்சம் மேல, அடர்த்தி 5.3 சொச்சம்! எத்தன தடவ படிச்சாலும் எனக்கு சிலிர்க்குது மச்சான்.

மெண்டலீவ் தனிமங்கள அணு எடைப்படிதான் அடுக்குனாரு. அப்படி பாத்தா டெல்லூரியம் அயோடினுக்கு அப்புறம்தான் வரணும், ஆனா அயோடின் குணம் குளோரின், புரோமின் மாதிரியே இருக்குன்னு மெண்டலீவ் துணிஞ்சு மாத்தி வச்சாரு, குணம்தான் முக்கியம்னு. அது ஏன் சரின்னு 1913-ல மோஸ்லிங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி எக்ஸ்ரே வச்சு காட்டுனாரு, உண்மையான வரிசை எடையில இல்ல, அணு எண்ணுல, அதாவது உள்ள எத்தன புரோட்டான்ங்கிறதுல இருக்கு. அந்த மனுசன் 27 வயசுல முதல் உலகப் போர்ல, கலிப்போலி சண்டையில செத்துட்டாரு, நெனச்சாலே வயிறு எரியுது.

பக்கவாட்டுல ஒவ்வொரு வரிசையிலயும் தனிமங்க எண்ணிக்கை 2, 8, 8, 18னு ஏன் மாறுதுங்கிறது எலக்ட்ரான் கூடு நிரம்புற கணக்கு, அத போன்ல சொன்னா புரியாது. பள்ளி லீவுக்கு அவன பஸ் ஏத்தி விடு, பட்டர்வொர்த்துல நான் வந்து கூட்டிக்கிறேன். பெரிய தாள்ல அட்டவணைய பிரிண்ட் போட்டு கையில கொடுத்து விடு.