வகுப்பு நடக்கிற நேரத்தில் நாங்கள் வயலில்

ஆசிரியருக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவன். கூலிக்கு உழவு இயந்திரமும் ஓட்டுகிறேன். போன மாரியில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. அதற்கு முன் மனைவியோடு கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்குப் போனேன். இருந்த ஆம்பிளை நான் ஒருவன்தான். கடைசிக் கதிரையில் இருந்தும் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்ற ஆம்பிளைகள் மனமில்லாமல் வராமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. வகுப்பு வைப்பது வேலைநாளில், காலையில், கிளினிக்கோடு சேர்த்து. பெரும்போக விதைப்பு நேரத்தில் யார் மெஷினை நிறுத்திவிட்டு வருவான்? நான் போனதும் அன்று மழை பிடித்து வயலில் இறங்க முடியாமல் போனதால்தான்.

போனது நல்லதாகப் போயிற்று. குத்து வரும்போது மூச்சை எப்படி விடுவது, மல்லாந்து கிடக்காமல் நடப்பது, குந்துவது, சரிந்து படுப்பது, முதுகை எந்த இடத்தில் அழுத்திக் கொடுப்பது என்று குடும்பநல உத்தியோகத்தர் செய்தே காட்டினார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் நோ கூடும் என்றார். சுகப்பிரசவத்துக்கு ஆயத்தமாக வேண்டும், ஆனால் சிசேரியன் தேவை என்று டொக்டர் சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்கக்கூடாது என்றும் சொன்னார். நோ கண்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். எங்கள் றோட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

அப்புறம் பால் கொடுக்கிற விஷயம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். மஞ்சளாக, தடிப்பாக வருகிற சீம்பாலைப் பீச்சி ஊற்றக்கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. பிள்ளை முலைக்காம்பை மட்டும் பிடிக்காமல், வாயை நன்றாகத் திறந்து, நாடி மார்பில் முட்ட, சுற்றியுள்ள கருமையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பால் காணுதோ என்று தவிக்காமல், முதல் வாரம் முடிகிற நேரம் ஒரு நாளைக்கு ஆறு தரமாவது சலம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை இரவில் அழுதால் மாமி சீனித்தண்ணிக்கு எழும்புவா. பெரியம்மா தேன் தொட்டு வைக்கச் சொல்லுவா. பக்கத்து வீட்டுக்காரி 'பால் காணாது போல, மா கரைச்சுக் குடு' என்பா. எல்லாரும் அன்பில்தான் சொல்கிறார்கள். மாமி வைத்துக் கொடுத்த சரக்குக்கறியையும் பால்சுறாப் புட்டையும் நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் சீனித்தண்ணிக்கு 'வேண்டாம் மாமி' என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். பெற்ற களைப்பில் கிடக்கிறவள் தன் தாயோடு வாதாட முடியுமா? வகுப்பில் கேட்டிருந்தபடியால் நான் சொன்னேன். பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை இலங்கையில் 1983 முதல் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் நடக்கிற விளம்பரத்துக்கு எந்தக் கோவை?

லண்டனில் இருக்கும் என் தங்கை, புருஷனையும் கூட்டிக்கொண்டு காசு கட்டி இப்படி வகுப்புக்குப் போனவள். அதை நடத்துகிற அமைப்பு, சுகப்பிரசவத்துக்கான சங்கமாக 1956இல் தொடங்கியதாம். இங்கே அரசாங்கம் இலவசமாகவே சொல்லித் தருகிறது. நேரம்தான் பொருந்தவில்லை.

வேலைக்குப் போகிற பெண்களின் பாடு வேறு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று படிப்பிக்கிறோம், சட்டப்படி பிரசவ விடுமுறை 84 நாள். திரும்பிப் போகிற கார்மென்ட் பிள்ளைகளுக்கு, ஒரு வயது வரை வேலைநேரத்தில் பால் கொடுக்க இடைவேளை கேட்கலாம் என்பதும், பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போகிற முறையும் வகுப்பிலேயே சொல்லப்பட வேண்டும். எங்கள் வகுப்பில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறோ போயா நாளோ, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு வகுப்பு. அதற்குத் தகப்பன்மாரையும், பிள்ளைப்பெறு பார்க்கப் போகிற அம்மம்மா, அப்பம்மாவையும் பேர் சொல்லி அழைக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தருக்கும் வீடு வாசல் இருக்கிறது; யானை வருகிற பாதையில் ஸ்கூட்டியில் தனியாகப் போகிறவர் அவர். ஆகவே விடுமுறை நாள் வேலைக்கு உரிய கொடுப்பனவும், இருட்ட முன் திரும்ப வாகன வசதியும் கொடுத்துத்தான் அவரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஓகஸ்டிலும் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரத்துக்குப் பதாகை கட்டி மேடைப் பேச்சு வைக்கிற காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வருகிற பெரும்போகம் தொடங்க முன், புரட்டாசிக்குள், ஒரு கிராமத்திலாவது இதைச் செய்து பார்க்கட்டும். எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அறிவித்து ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
ஒட்டுசுட்டான்.